அப்பாவின் பைஜாமாவும் ஐந்து தோட்டமும்

மாட்டுங்கா,
பம்பாய் - 19.
17-1-1964

என் கண்ணான காந்திமதிக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரன் பயலுக்கும் அம்மாவின் மனம் நிறைந்த ஆசிகள். இங்கே என் முழங்கால் இரண்டையும் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். லண்டன் குளிரில் நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒன்றையும் ஒளிக்காமல் எழுது. மற்ற சங்கதிகளுக்குப் போகுமுன் என் மானக்கேடு ஒன்றைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் கீழ்வீட்டு அம்மிணி வாயிலிருந்து கிளம்பி அது கடல் தாண்டி உன்னிடம் வந்து சேரத்தான் போகிறது. போன மாதம் ஒரு நாள் விடிகாலையில், ஐந்து தோட்டத்து ஓரத்தில், பால் சென்டர் வரிசையில் பாதி மாட்டுங்கா பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தபோது, உன் அப்பாவின் நீலக்கோடு போட்ட பைஜாமா என் புடவைக்குள்ளிருந்து நாடா அவிழ்ந்து கணுக்காலுக்கு வந்து நின்றது. நான் அப்போது ஓடிக்கொண்டிருந்தேன். பயப்படாதே, புடவை இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் பைஜாமா காலைக் கட்டிக்கொண்டதால், தாம்பு கட்டிய பசு மாதிரி நாலு தத்துத் தத்திப் போய், ஒரு பார்சிக் கிழவரின் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் பெரிய மனிதர், தொப்பியைத் தொட்டு எனக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, நான் சைக்கிளை விடுகிற வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தேழு வயதில் உனக்கு ஓட்டம் எதற்கு, அதுவும் அப்பாவின் பைஜாமாவில் எதற்கு என்று நீ கேட்பது இங்கே என் காதில் விழுகிறது. நீ மட்டும் என்ன எழுதியிருந்தாய்? பிள்ளைப்பேற்றுக்கு அப்புறம் உடம்பு இளைக்க எதிரே இருக்கிற பெரிய பார்க்கில் தினமும் ஓடு என்று டாக்டர் சொல்கிறார், புடவையும் ஓவர்கோட்டுமாக எப்படி ஓடுவது, எல்லாரும் பார்ப்பார்களே, நினைத்தாலே வெட்கமாயிருக்கிறது, நீ பக்கத்தில் இருந்தால் சிரிப்பாய் அம்மா என்று எழுதியிருந்தாய். நான் சிரிக்கவில்லையடி. பார்க்கில் புடவையோடு ஓடுகிற விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி பம்பாய் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டாள். அதனால்தான் ஏர் லெட்டர் போதாது என்று மெல்லிய தாளாக வாங்கி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் பட்டதையும் பார்த்ததையும் அப்படியே எழுதுகிறேன், எது உனக்கு உதவுமோ எடுத்துக்கொள்.

எல்லாம் குழலியால் வந்தது. குற்றாலத்து அம்மன் பெயராகக் குழல்வாய்மொழி என்று ஆசையாக வைத்தோம், இந்த ஊரில் அதை முழுதாகச் சொல்ல ஒருவருக்கும் மூச்சுக் கிடையாது, காலேஜில் உன் தங்கை இப்போது 'குல்வி' ஆகிவிட்டாள். தீபாவளி லீவு முடிந்து போன முதல் நாள், லோக்கல் வண்டியைப் பிடிக்க இவள் பிளாட்பாரத்தில் ஓடிய ஓட்டத்தை ஸ்போர்ட்ஸ் டீச்சர் மிஸ் பிண்டோ பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலமே எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் பெயர் எழுதிவிட்டாள். மைதானத்தை இரண்டு சுற்று வர வேண்டும். ஜனவரியில் காலேஜ்களுக்குள் போட்டி, அதில் முதல் நாலு பேராக வருகிறவர்களை யூனிவர்சிட்டிக்காக ஜபல்பூருக்கு அனுப்புவார்கள். இதைக் கேட்டதும் உன் அப்பா பேப்பரை மடித்தார். அவர் பேப்பரை மடித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். "ஓடுததெல்லாம் நமக்கு எதுக்கு? காலைல டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போனா நாளைக்கு ஒரு ஆபீஸ்ல ஃபேனுக்கு அடியில உக்காரலாம்" என்றார். குழலி உன்னைப் போல அழவும் இல்லை, என்னைப் போல வாயாடவும் இல்லை. வீட்டுக்குள்ளேயே சமையலறையிலிருந்து பால்கனி வரைக்கும் ஓட ஆரம்பித்துவிட்டாள். கீழ்வீட்டு அம்மிணி தலைமேல் சுண்ணாம்பு உதிர்கிறது என்று மேலே வந்து பாலக்காட்டுத் தமிழில் கச்சேரி வைத்தாள். மூன்றாம் நாள் அப்பா இறங்கி வந்தார். "சரி, ஒரே ஒரு தடவ. நாலு பேருக்குள்ள வரணும். வரலேன்னா மறுநாளே டைப்ரைட்டிங், பேச்சுக்கே இடமில்ல. இன்னொண்ணும் கேட்டுக்கோ. இருட்டோட பொம்பளப்பிள்ள தனியா ஓடப்பிடாது, உங்கம்மா கூட வரணும். உங்கம்மா கண்ண விட்டு நீ ஒரு நிமிஷம் மறையப்பிடாது" என்றார். அவரே போயிருக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் அவரை எழுப்ப சூரியனாலேயே முடியாது. அப்படியாக, காந்திமதி, உன் அம்மாவுக்குக் கண் உத்தியோகம் கிடைத்தது.

ஐந்து தோட்டம் உனக்கு மறந்திருக்காது, என்.சி.சி. பரேடு முடிந்து குச்சி ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு வீட்டில் வந்து தொண்டை வலி என்பாயே, அதே இடம்தான். நடுவில் வட்டம், அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி ஐந்து தோட்டம், இதழுக்கு இதழ் நடுவே ரோடு, வெளியே சுற்றிலும் பார்சிக்காரர் கட்டடங்கள். உட்காரப் போகிறவர்களுக்கு அது தோட்டம், ஓடப் போகிறவர்களுக்கு அது ஒரு ராஜ்யம். எந்த வழியில் ஓடுவது என்பதுதான் முதல் கேள்வி. ஐந்தையும் வெளியிலிருந்து வளைத்துக்கொண்டு ஓடுவது ஒரு வழி, நீளமாக இருக்கும், மர நிழல், திருப்பம் குறைவு, மூச்சைப் பழக்க அதைப்போல வழி இல்லை. ஆனால் அது பால் சென்டர் வழியாகப் போகிறது. பால் சென்டர் வரிசையில் நிற்கிற பெண்களுக்குப் பாட்டில் வரும் வரை வாய்க்கு வேலை வேண்டும். அதனால் பால் வண்டி வருவதற்கு முன்னால் அந்தச் சுற்றை முடித்துவிட வேண்டும், முடியாவிட்டால் அந்தப் பக்கமே போகக் கூடாது. உன் பார்க்கிலும் இப்படி ஒரு பால் சென்டர் இருக்கும், அதற்கு இங்கிலீஷில் வேறு பெயர் இருக்கும், முதல் நாளே அது எங்கே என்று கண்டுபிடித்து வைத்துக்கொள். இரண்டாவது வழி, ஒவ்வோர் இதழாகச் சுற்றிவிட்டு நடு வட்டத்துக்குத் திரும்பி வருவது. அடிக்கடி வளைய வேண்டும், கணுக்கால் கெட்டிப்படும், காவல் நிற்கிற அம்மாவை ஒவ்வொரு தடவையும் தொட்டுவிட்டுப் போகலாம். காவலுக்கு அதுதான் வசதி என்று ஆரம்பித்தோம். அவள் எந்த இதழில் இருக்கிறாளோ அந்தப் பக்கம் நான் திரும்பித் திரும்பி நின்றதில் எனக்குத் தலை சுற்றி, ஒரு நாள் நடு வட்டத்துப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், யாரோ ஒரு புண்ணியவான் என்னைப் பிச்சைக்காரி என்று நினைத்துக் காசு போட்டுவிட்டுப் போனான். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஆளைக் காணோம்.

சின்னச் சின்ன விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். தார் ரோட்டில் ஓடாதே, ஓரத்து மண்ணில் ஓடு, முழங்கால் உனக்கு நன்றி சொல்லும். தோட்டக்காரன் தண்ணீர் விட்ட இடத்தில் கால் வைக்காதே. வலப்பக்கம் வளைந்து ஓடிப் பழகாதே, பந்தயத்தில் எல்லாரும் இடப்பக்கம்தான் வளைகிறார்கள், மிஸ் பிண்டோ இதைச் சொல்லும் வரை குழலி பாவம் கோயில் பிரகாரம் மாதிரி வலமாகவே ஓடிக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றிலும் ஓடாதே, காப்பி குடித்த கையோடும் ஓடாதே. முதல் சுற்றைத் தேர் நகர்கிற மாதிரி ஆரம்பி, ஓடிக்கொண்டே பேச முடிந்தால் அதுதான் சரியான வேகம். எனக்கு இது ஒரு கஷ்டமும் இல்லை, செத்தாலும் நான் பேசுவேன் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். நாய் வந்தால் உடனே நடந்துவிடு, ஓடுகிறவர்களைத்தான் அது பந்தயத்துக்குக் கூப்பிடுகிறது. பார்சிக்காரர்களின் நாய்கள் நம்மைவிட நல்ல சாப்பாடு சாப்பிடுகின்றன, அவற்றோடு நாம் ஜெயிக்க முடியாது.

நான் எப்படி ஓட ஆரம்பித்தேன் என்று கேட்பாயே. குழலிக்கு ஒரு குறை, முதல் சுற்றில் மான் மாதிரி போவாள், கடைசியில் எருமை மாதிரி வருவாள். முன்னால் துரத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அப்போதுதான் கடைசி வேகம் வரும் என்றாள் மிஸ் பிண்டோ. பையன்களோடு ஓட உன் அப்பா விடுவாரா? மாட்டுங்காவில் வேறு எந்தப் பெண்ணை அவள் அம்மா அந்த நேரத்துக்கு அனுப்புவாள்? ஒரு நாள் குழலி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, நீ முன்னால ஓடு, நான் வந்து பிடிக்கேன்" என்றாள். "எனக்கு ஓடத் தெரியாதுளா" என்றேன். "சினிமாவுக்கு நேரமாச்சுன்னா ஓடுதேல்லா, அதே ஓட்டந்தான்" என்றாள். என்னை ஒரு தோட்டத் தூரம் முன்னால் விட்டுவிட்டுத் துரத்துவாள். புடவை காலைத் தட்டாமல் இருக்க முழங்கால் வரை தூக்கிச் செருக வேண்டும், கால் தெரியாமல் இருக்க உள்ளே ஏதாவது வேண்டும், அப்படித்தான் அப்பாவின் பைஜாமா வந்தது. ஷூ யாருடையது தெரியுமா, உன்னுடைய பழைய என்.சி.சி. கான்வாஸ் ஷூதான், பரணில் கிடந்தது, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. பெண்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய காலா என்று உன்னைச் சின்ன வயதில் எவ்வளவு திட்டியிருக்கிறேன், அது என் கால்தான்! முதல் நாள் நாலு மரம் தாண்டுவதற்குள் என் உயிர் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. இரண்டாம் வாரம் ஒரு தோட்டம் முழுக்கச் சுற்றி வந்தேன். சொன்னால் நம்ப மாட்டாய், விடியக் கொஞ்சம் முன்னால், ரோட்டில் ஒரு பஸ்கூட இல்லாதபோது, மகளின் காலடிச் சத்தம் பின்னால் நெருங்கி நெருங்கி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் எதற்காகவெல்லாமோ ஓடியிருக்கிறேன், தண்ணீர்க் குழாய்க்கு, ரேஷனுக்கு, பஸ்ஸுக்கு. சும்மா ஓடியது இதுதான் முதல் தடவை. இதில் நான் ஒரு திருட்டுத்தனமும் செய்தேன், நாலாவது தோட்டத்து வேலியில் ஒரு சந்து உண்டு, அவள் என்னைப் பிடிக்கப் போகிறாள் என்று தெரிந்தால் அதில் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுவேன். அவள் "ஏமாத்துதே, ஏமாத்துதே" என்று கத்திக்கொண்டு இன்னும் வேகமாக வருவாள். அந்தத் திருட்டுத்தனத்தால்தான் அவளுக்குக் கடைசி வேகமே வந்தது, மிஸ் பிண்டோவே கேட்டாளாம், யார் உனக்குச் சொல்லிக்கொடுப்பது என்று.

காவலுக்குப் போகிறவளுக்குக் கண் திறந்திருக்க வேண்டும், என் கண்ணில் படாதது அந்தத் தோட்டத்தில் எதுவும் இல்லை. மூன்றாம் மாடித் திருவேங்கடம் அண்ணாச்சி ரெயில்வேயில் பென்ஷன் வாங்கிவிட்டு, விடிகாலையில் பஜனைக்குப் போகிறேன் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே, பஜனையும் இல்லை ஒன்றும் இல்லை. இரண்டாவது தோட்டத்து மூலையில், மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாளோடு தினமும் நெருக்கமாக நிற்கிறார். நானே இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா" என்று குரல் கொடுத்தேன், அவரும் அசையவில்லை, அந்த அம்மாளும் அசையவில்லை, அவ்வளவு மயக்கம். இதை இதுவரை நாலு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பைஜாமா கழன்ற நாளுக்கு வருகிறேன். வெளிச்சுற்றில் நேரத்தைக் கோட்டைவிட்டு, பால் வரிசை நிற்கும்போது அந்தப் பக்கம் வந்துவிட்டேன், மீதி உனக்குத் தெரியும். சைக்கிளை விட்டுவிட்டு நாடாவை முடிந்துகொண்டிருக்கும்போது காதுக்குப் பக்கத்தில் அம்மிணியின் குரல். "கேட்டேளா மீனாட்சியம்மா, நான் ஒண்ணும் பார்க்கலையாக்கும். ஆனா என் வாய் இருக்கே, அது நான் சொன்னாக் கேக்காது" என்றாள். என் மானம் போனால் போகட்டும். ஆனால் காவல் நிற்கச் சொன்ன பெண்டாட்டி தன் பைஜாமாவை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் ஓடுகிறாள் என்று உன் அப்பா காதில் விழுந்தால், மறுநாளே குழலி டைப்ரைட்டிங் கிளாசில் உட்கார்ந்திருப்பாள். பந்தயத்துக்கோ இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. "உங்க வாய்க்கு என்ன வேணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். வாய் யோசித்தது. அன்றிலிருந்து பந்தயம் முடியும் வரை, ஓட்டம் முடிந்ததும் அவளுடைய பால் பாட்டில்களையும் நான் சுமந்துகொண்டு வந்து, அவள் வாசலில் வைத்துவிட்டு, என் வீட்டுக்கு ஏறினேன். அவள் கையை வீசிக்கொண்டு கூட வருவாள். "ஓடறவாளுக்குப் பாரம் தூக்கறது நல்லதாக்கும்" என்று எனக்கே பாடம் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு, வி.டி. ஸ்டேஷன் பக்கத்து மைதானத்தில் பந்தயம். உன் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு, குடையும் பேப்பருமாக வந்தார். டிக்கெட் இல்லாத வேடிக்கை என்றதும் அம்மிணியும் ஒட்டிக்கொண்டாள். கிளம்பும்போது குழலி என்னைக் குளியலறைக்குள் இழுத்து, "எம்மா, அந்தப் பைஜாமாவ உள்ள போட்டுக்கிட்டு வா. அந்த நீலக்கோட்டப் பாத்து ஓடித்தான் எனக்குப் பழக்கம், நீ எங்கியாவது நிக்கேன்னு தெரிஞ்சாப் போதும்" என்றாள். ராசி என்று சொல்கிறாள், மாட்டேன் என்றா சொல்வது? புடவையைத் தரை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியில் காலை மடக்கியே உட்கார்ந்து வந்தேன்.

துப்பாக்கி வெடித்தது. எல்லாக் காலேஜ்களுக்கும் வெள்ளை உடைதான், கொக்குக் கூட்டம் மாதிரி கிளம்பினார்கள். முதல் சுற்று முடிந்து எங்கள் பக்கம் வந்தபோது உன் அப்பா குடையால் தரையைக் குத்திக்கொண்டு, "போச்சு, நம்ம பிள்ள பின்னால போயிட்டாளே" என்றார். குரல் அப்படியே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "டைப்ரைட்டிங்தான் போல" என்றார். ஜெயித்துவிட்டேன் என்கிற குரல் இல்லையடி அது, எதையோ தொலைத்தவர் குரல். அதைக் கேட்டதும் எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண் போகிறாள், அவளுக்குக் கொஞ்சம் பின்னால் நம் குழலி தலையை ஆட்டிக்கொண்டு வருகிறாள், நான் தெளிவாகப் பார்த்தேன். இன்னும் ஒருத்தியைத்தானே தாண்ட வேண்டும், இதற்கு ஏன் இந்த மனிதர் இப்படி இடிந்து போகிறார் என்று நினைத்தேன். செருப்பை உதறினேன். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகினேன். உன் அப்பா பக்கத்தில், அம்மிணி பக்கத்தில், அத்தனை காலேஜ் பெண்களும் அவர்களுடைய அப்பன்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, கயிற்றுக்கு வெளியே, அவளுக்கு முன்னால் பாய்ந்து ஓட ஆரம்பித்தேன்.

ஒரு விசில்காரன், "ஏ பாயி, ஹடோ, ஹடோ" என்று என் பின்னாலேயே வந்தான். நான் கயிற்றைத் தாண்டினேனா, அவன் யார் என்னைத் தள்ளிப் போகச் சொல்ல? அம்மிணி, என்னைக் கழுதை மாதிரி பால் சுமக்க வைத்த அதே அம்மிணி, தொண்டை கிழிய, "விடாதேங்கோ மீனாட்சியம்மா, விடாதேங்கோ" என்று கத்தினாள். மைதானத்துக்கே இப்போது என் பெயர் தெரியும். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது, தோட்டத்தில் கேட்கிற அதே சத்தம், மூச்சு முதுகில் படுகிற மாதிரி நெருங்கி வந்தது. இங்கே வேலியில் சந்து ஏது, ஏமாற்றவா முடியும், வெறும் காலோடு ஓடினேன். கடைசி வளைவில் அவள் என்னைத் தாண்டினாள், முன்னால் போனவளையும் தாண்டினாள், வெள்ளை நாடாவை அறுத்துக்கொண்டு முதலாவதாகப் போய் விழுந்தாள். எனக்கு உலகமே மறந்துவிட்டது. கயிற்றுக்குக் கீழே நுழைந்து போய் அவளைக் கட்டிப்பிடித்து, "என் ராசாத்தி, என் தங்கம்" என்று நெற்றியில் முத்தம் கொடுத்தேன். நம் குழலி எப்போது இவ்வளவு உயரமானாள் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தப் பெண் இங்கிலீஷில், ஆன்ட்டி நீங்கள் யார் என்று கேட்டாள். பின்னாலிருந்து, "எம்மா, நான் இங்க இருக்கேன்" என்று ஒரு குரல்.

பதற்றத்தில் யாருக்கும் இப்படி நடக்கும், நீ இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நம் குழலி அந்தக் கூட்டத்தில் ஏழாவதாக வந்துகொண்டிருந்தாளாம். தூரத்தில் நீலக்கோடு ஓடுவதைப் பார்த்ததும் கால் தானாகப் பறந்தது என்கிறாள். ஒருத்தி, இரண்டு பேர், மூன்று பேர் என்று தாண்டி வந்து, கோட்டில் தோளை முன்னால் நீட்டி, ஐந்தாவது வந்தவளைவிட ஒரு சாண் முன்னால் விழுந்துவிட்டாள். நாலாவது! ஜபல்பூர்! விசில்காரன் என்னைக் காட்டி ஏதோ புகார் சொன்னான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே ஓடக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று மிஸ் பிண்டோ அவனை விரட்டினாள். முதலாவது வந்த பெண்ணின் அப்பா ஒரு டப்பா பேடாவோடு தேடி வந்து, சொந்த மகள் ஓடும்போது என் மகளுக்கு இவ்வளவு உற்சாகம் கொடுத்தீர்களே, இந்த மனது யாருக்கு வரும் என்று ஹிந்தியில் உருகினார். நான் பேடாவை வாங்கிக்கொண்டு, எல்லாரும் நம் குழந்தைகள்தானே என்று சொல்லிவைத்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றாமலே இரண்டு விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில் உன் அப்பா பைகுலா தாண்டும் வரை பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார். பக்கம் மட்டும் திருப்பவில்லை. குழலியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தீர்ப்புக்குக் காத்திருந்தோம். கடைசியில் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல், "அது என் பைஜாமா இல்ல?" என்றார். "ஆமா" என்றேன். பேப்பரை மடித்தார். "நாடாவ இரட்ட முடிச்சாப் போட்டுக்கோ, அது வழுக்கும்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து காப்பி குடித்த பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார். ஜபல்பூருக்குக் குழலி போகலாம், டைப்ரைட்டிங் வேண்டுமானால் அப்புறம் பார்க்கலாம். "ஆனா நீயும் கூடப் போகணும். அங்கியும் அவ உன் கண்ண விட்டு ஒரு நிமிஷம் மறையப்பிடாது" என்றார். மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும்போது கதவுக்குப் பக்கத்து ஆணியில் இன்னொரு பைஜாமா மடித்துத் தொங்கியது, பச்சைக்கோடு, போன வருஷம் எடுத்தது. அம்மிணியின் பால் பாட்டில்களை இப்போது அவளே சுமக்கிறாள். ஓட்டம் நல்லதாக்கும் என்று வரிசையில் நிற்கிறவர்களுக்கு உபதேசம் செய்கிறாள் என்று கேள்வி.

ஆகவே என் செல்லமே, வெட்கப்படாதே. அங்கே மாப்பிள்ளையின் பைஜாமா ஒன்று இருக்கும், நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டுப் புடவைக்குள் மாட்டிக்கொள், ஓவர்கோட்டை வீட்டில் விட்டுவிடு, ஓட ஆரம்பித்தால் குளிர் தெரியாது. முதல் நாள் நாலு மரம் போதும். உனக்கு முன்னால் மெதுவாகப் போகிற ஒரு வெள்ளைக்கார மாமியைப் பார்த்து வைத்துக்கொண்டு அவளைப் பிடிக்கப் போ, பிடித்ததும் ஒரு சிரிப்புச் சிரி, சிநேகமும் ஆகும். யாராவது பார்ப்பார்களே என்று நினைக்காதே, பார்க்கட்டுமே, என்னை ஒரு மைதானமே பார்த்தது, நான் கரைந்தா போய்விட்டேன்? ஏப்ரலில் நீ வரும்போது ஐந்து தோட்டத்தில் மூன்று பேருமாக வெளிச்சுற்று ஓடலாம், ஷூவை மட்டும் திருப்பிக் கேட்காதே.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக, குழந்தை குட்டியோடு தழைத்திருக்க வேண்டும். பேரனுக்கு என் பங்காக இரண்டு கன்னத்திலும் கொடு. கடிதம் போடச் சோம்பல்படாதே. இன்னொரு முக்கியமான விஷயம், அங்கிருந்து யாராவது பம்பாய்க்கு வருவதாக இருந்தால், அவர்கள் கையில் தூரப்பார்வைக்கு இரண்டு கண்ணாடிச் சில் வாங்கி அனுப்பு, டாக்டர் எழுதிய பழைய சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். தீபாவளிக்கு மாவரைக்கக் குனிந்தபோது கண்ணாடி ஆட்டுக்கல்லில் விழுந்து இரண்டு சில்லும் நொறுங்கிவிட்டன. அதற்குள் இந்தக் காவல் உத்தியோகம் வந்துவிட்டது, கண் தெரியாது என்று சொன்னால் காவல் போகும், காவல் போனால் குழலியின் ஓட்டம் போகும் என்று அன்றிலிருந்து வெறும் ஃபிரேமைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறேன். உன் அப்பா தினமும் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் இட்லி சாப்பிடுகிறார், இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பத்தடிக்கு அப்பால் எனக்கு எல்லாமே பனிமூட்டம். ஆகையால் திருவேங்கடம் அண்ணாச்சியையும் மஞ்சள் புடவையையும் பற்றி மேலே எழுதியதை மட்டும் நீ யாரிடமும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
உன் அம்மா
மீனாட்சி